என் மருமகளுக்குச் சாட்சி சொன்ன எலும்பு

1

ஆவணி இரண்டாவது ஞாயிறு எங்கள் வீட்டில் கேக் வெட்டினார்கள். என் மகன் ஏழுமலைக்கும் மருமகள் சாந்திக்கும் கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷம். இந்த நெதர்லாந்தில் எதற்கும் கேக்குதான். பிறந்தால் கேக், வேலை கிடைத்தால் கேக், வேலையை விட்டால் அதற்கும் ஒன்று.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரம்மா பூங்கொத்தோடு வந்தாள். மகனுக்குக் கை கொடுத்தாள், மருமகளுக்குக் கை கொடுத்தாள், நேராக என்னிடம் வந்து என் கையையும் பிடித்துக் குலுக்கினாள். இந்த ஊர் வழக்கம் அது. விசேஷக்காரர்களை மட்டும் வாழ்த்தினால் போதாது. அம்மா, அக்கா, தங்கை, நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பவர் எல்லாருக்கும் வாழ்த்துச் சொல்லியாக வேண்டும். "உங்க பையன் கல்யாணத்துக்காக உங்களுக்கு வாழ்த்து சொல்றாங்க" என்று என் பேத்தி சொன்னாள்.

கேக்குத் தட்டோடு நின்றிருந்த சாந்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். இவங்களுக்கா வாழ்த்து என்று கண் கேட்டது.

கேட்கட்டும். நியாயம்தான். அந்தக் கல்யாணத்தை முதல் நாளே முறித்துப் போட இருந்தவள் நான். நானூறு பேர் எதிரில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அது பொய்க் கேள்வி என்று மறுநாளே தெரிந்தும் இன்று வரை அதை ஊரறியத் திரும்ப எடுக்கவில்லை. அதைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன்.

இந்தப் பத்திரிகையில் நான் எழுதுவதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பகல் ஆகும். எழுத்துப் பிழையை ஆசிரியர் தம்பி திருத்திக்கொள்வார். மற்ற பிழையை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2

மேனாம்பேட்டில் எங்கள் வீடு எது என்று கேட்டால் யாரும் கதவு எண் சொன்னதில்லை. "எருமைக்காரம்மா ஊடு" என்றால் நாய்கூட வழிகாட்டும். விடியுமுன் கறந்து, ஆவடி குவார்ட்டர்ஸ் வரைக்கும் என் பால் போகும். திருநெல்வேலிக்காரர், சேலத்துக்காரர், மதுரைக்காரர் என்று தொழிற்சாலை வேலைக்கு வந்த எல்லா ஊர்க் குடும்பமும் அங்கே உண்டு. எந்த வீட்டுக் குழந்தை கன்னம் உப்பி இருந்தாலும், "அது நம்ம பாலு" என்பேன். பெற்றவள் பக்கத்தில் நின்றாலும் சொல்வேன். எனக்கு அப்போது அவ்வளவு மிதப்பு.

ஆனால் எங்கள் வீட்டில் யாரும் பால் குடித்ததில்லை. கறக்கிற கை குடித்தால் மடி வற்றும் என்பது என் மாமியார் போட்ட சட்டம். எங்களுக்குத் தயிர், மோர், டீயில் நிறம் மாறுகிற அளவுக்குப் பால். அவ்வளவுதான். அதையும் நான் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். அடுத்தவன் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு மோர் குடிக்கிறவள் என்று.

ஏழுமலைக்கு நெமிலிச்சேரியில் பெண் பார்த்தோம். சாந்தியின் அப்பா ஆவடித் தொழிற்சாலையில் வேலை செய்தார். அதிகம் பேசாத மனிதர். அவருக்கும் சேர்த்து அவர் சம்சாரம் தேசம்மாள் பேசுவாள். பெண் பி.எஸ்சி. படித்தவள், மாநிறம். இன்னும் கொஞ்சம் சிவப்பாகக் கிடைக்குமா என்று நான் நாலு மாதம் தேடிவிட்டுத்தான் சம்மதித்தேன். என் நிறம் என்ன என்று கேட்காதீர்கள். எருமைக்குப் பக்கத்தில் நின்றால் எருமை வெளுப்பாகத் தெரியும்.

தாலி கட்டியதும் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பாலும் வாழைப்பழமும் கொடுப்பது நம் பக்கத்தில் எல்லாரும் செய்கிற சடங்கு. மற்ற வீடுகளில் ஒரு ஸ்பூன் பால், நாக்கு நனைந்தால் போதும். எருமைக்காரம்மா வீட்டுக் கல்யாணத்தில் ஸ்பூனா? வெள்ளி டம்ளர் தளும்ப, ஏடு மிதக்க, சர்க்கரை போட்டு நானே நீட்டினேன். பெண் காலையிலிருந்து பட்டினி. இரண்டு வாய் குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாமா, எங்க ஊட்டுப் பாலு எறங்கலையா? முழுசா குடி" என்றேன்.

குடித்தாள். புதுத் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் ஓடினாள். அவள் வாந்தி எடுக்கிற சத்தம் முதல் வரிசை வரைக்கும் வந்தது.

நான் கேட்டேன்: "இன்னாமா, எத்தினி மாசம்?"

மெதுவாகக் கேட்டிருக்கலாம். எருமை ஓட்டிய தொண்டை, மெதுவாகக் கேட்கத் தெரியாது. நாதஸ்வரக்காரர் வேறு அந்த நேரம் பார்த்துத்தான் மூச்சு வாங்க நிறுத்தியிருந்தார். பந்திக்குப் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சாந்தியின் அப்பா மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு அப்படியே நின்றார். தேசம்மாள் என் எதிரில் வந்து, "வாயைக் கழுவு" என்றாள். நான் கழுவவில்லை. மறுநாள் காலை, மஞ்சள் காயாத பெண்ணை ஆவடியில் ஒரு லேடி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். ஒன்றும் இல்லை என்று சொல்லி, அந்த டாக்டரம்மா என்னைத்தான் திட்டி அனுப்பினாள்.

"சரி, நல்லதா போச்சு" என்றேன். மாமியார் மன்னிப்புக் கேட்டதாக நான் எங்கேயும் பார்த்ததில்லை, அதனால் கேட்கவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு டாக்டர் சொன்னது போய்ச் சேரவே இல்லை. நான் கேட்டது மட்டும் திருநின்றவூர் வரைக்கும் போனது.

பெண்ணைப் பெற்றவர்கள் அதோடு எங்கள் வாசல் மிதிக்கவில்லை. போன வருஷம் சாந்தியின் அப்பா போய்ச் சேர்ந்தார். நான் எடுக்காத வார்த்தையோடு போனார்.

3

இங்கே வந்து ஆறு வருஷம். வீட்டுக்காரர் போன பிறகு மகன் கூட்டிக்கொண்டு வந்தான். வருஷத்துக்கு ஒரு முறை குடியேற்ற அலுவலகத்தில் போய் நிற்பேன். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பெண் பிறந்த தேதி கேட்பாள். பாஸ்போர்ட்டில் ஜூன் ஒன்று என்று இருக்கிறது. எங்கள் ஊரில் என் வயதுக்காரர்களில் பாதிப் பேர் ஜூன் ஒன்றில்தான் பிறந்தோம். அதைப் போட்டவர் பள்ளிக்கூடத்து வாத்தியார். எங்கள் அம்மாவுக்கு அந்தத் தேதி கடைசி வரை தெரியாது. அந்தப் பெண் தேதியைப் பார்த்துவிட்டு, "கோடையில் பிறந்தநாள், நல்ல காலம்" என்றாளாம். ஆமாம், வாத்தியார் நல்ல மனுஷர்.

காலையில் கஞ்சி. மத்தியானம் சோறு, கடையில் வாங்கிய மோர். இந்த ஊரில் மோர் அட்டைப் பெட்டியில் கிடைக்கிறது, கொஞ்சம் கெட்டியாக. உப்பும் பெருங்காயமும் போட்டால் நம் மோர் மாதிரி ஆகிவிடும். வெள்ளைக்காரர்கள் பாலையே தண்ணீர் மாதிரி குடிக்கிறார்கள். கோட்டு போட்ட ஆபீசர் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ஒரு கிளாஸ் பாலோடு உட்காருகிறார். மீசை முளைத்தவன் பால் குடிப்பதை முதலில் பார்த்தபோது, உடம்பு சரியில்லையோ என்று விசாரித்தேன்.

பேத்தி யாழினி பதினெட்டு முடிந்ததும் தனி அறை எடுத்துப் போய்விட்டாள். இங்கே அது குற்றமில்லை, போகாவிட்டால்தான் ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை துவைக்கிற துணி மூட்டையோடு வருவாள். அவள் குடிப்பது ஓட்ஸ் பால். "எந்த மடியில கறக்கிறாங்க?" என்று கேட்டேன். சிரிக்கவில்லை. அவளுக்கு என் பேச்சில் பாதி புரிவதில்லை, புரிந்த பாதி பிடிப்பதில்லை. பூனையை மிதித்தால் பூனையிடம் சாரி சொல்கிற பெண் அவள்.

சாந்தி என்னை ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொள்கிறாள். மாத்திரை, குளிருக்குச் சாக்ஸ், எல்லாம் நேரத்துக்கு வரும். ஆனால் இருபத்திரண்டு வருஷமாக என்னை ஒரு உறவு சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தாங்க", "பாருங்க", "சாப்பாடு ஆச்சு". சுவரோடு பேசினாலும் அப்படியே பேசலாம்.

4

இங்கே வந்த பிறகு சாந்தி இரண்டு வருஷம் படித்து ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பழைய எலும்பிலிருந்து மரபணு எடுக்கிற இடம். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன் செத்தவர்களின் எலும்பில், காதுக்கு உள்பக்கம் கெட்டியாக ஒரு பகுதி உண்டாம். அதில் துளியூண்டு துளை போட்டு மாவு எடுப்பது இவள் வேலை. தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு செய்ய வேண்டும். நம் எச்சில் ஒரு சொட்டுப் பட்டால், செத்தவள் நமக்குச் சொந்தக்காரி ஆகிவிடுவாளாம்.

கல்யாண நாள் கழிந்த மறு வாரம், வேலை செய்கிறவர்களின் குடும்பங்களுக்கு அந்த இடத்தைத் திறந்து காட்டினார்கள். கண்ணாடிப் பெட்டியில் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு. பக்கத்தில் உடைந்த சட்டி. பனைமரம் மாதிரி உயரமான ஒருவர், சாந்தியின் மேலதிகாரி, விளக்கம் சொன்னார். சாந்தி என் காதருகில் தமிழில் சொன்னாள்.

"இந்தம்மா மாடு வெச்சிருந்தவங்க. சட்டியில பால் கொழுப்பு இன்னும் ஒட்டிகினு கீது."

"நம்ம ஜாதி" என்றேன். மாட்டுக்காரி என்ற பொருளில்.

"ஆனா இவங்க வயித்துக்கு பால் ஆவாது. எலும்புலயே தெரிஞ்சிடுச்சு."

"அது எப்புடி? மாட்டுக்காரிக்கு பால் ஆவாதா?"

சாந்தி அப்போது காதை விட்டுவிட்டு என் முகத்துக்கு நேராக வந்தாள். "கொழந்தைல எல்லாருக்கும் ஆவும். தாய்ப்பால் மறந்தப்புறம் நெறைய பேருக்கு வயிறு பால செரிக்கிற கடைய மூடிடும். அதான் ஆதியிலேர்ந்து மனுஷன் வயிறு. வலுக்கட்டாயமா ஊத்தினா வலிக்கும், ஊதும், பேதியாவும். செலருக்கு கொமட்டும்."

"இவுங்கல்லாம் குடிக்கிறாங்களே?"

"அது நேத்து வந்த வயிறு. பழைய எலும்ப வரிசையா வெச்சி பாத்தாத்தான் தெரியுது. மாடு வளத்து, பால் கறந்து, ஆயிரக்கணக்குல வருஷம் போனப்புறந்தான் கடை மூடாத வயிறு பரவிச்சு. அதுவரைக்கும் தயிரா ஆக்கி, பாலாடைக்கட்டியா ஆக்கி சாப்ட்டாங்க."

"ஏன் பரவிச்சு?"

அதை அவள் பனைமரத்திடம் கேட்டுச் சொன்னாள். பஞ்சமும் நோயும் வந்த காலத்தில் பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதிகம் செத்திருக்கலாம், ஒத்துக்கொண்டவர்கள் பிழைத்துப் பிள்ளை பெற்றிருக்கலாம் என்று ஒரு கட்சி. அதை ஒப்புக்கொள்ளாத கட்சியும் உண்டாம், இன்னும் சண்டை தீரவில்லையாம். இவர்களின் வெள்ளைத் தோலும் அப்படித்தான், ரொம்பப் பின்னால் வந்து பரவியதாம். இங்கே ஆதியில் இருந்தவர்களில் நல்ல கறுப்பும் உண்டாம். நான் நாலு மாதம் சிவப்பாகப் பெண் தேடியது நினைவுக்கு வந்தது. வெள்ளைக்காரனே பிற்பாடு வெளுத்தவன் என்றால் நான் யாரைப் பார்த்து அவ்வளவு ஆசைப்பட்டேன்?

கேட்டுக்கொண்டே வந்தவள் பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணத்தன்று காலையிலிருந்து பட்டினி, தளும்பத் தளும்ப எருமைப் பால். சாந்தி மொழிபெயர்ப்பதை நிறுத்தியிருந்தாள். புரிந்ததா என்று மட்டும் பார்த்தாள்.

புரிந்தது. புரிந்ததைக் காட்டிக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை.

பனைமரம் என்னிடம் திரும்பி ஏதோ கேட்டார். "நீங்க எருமை வெச்சிருந்தவங்கன்னு சொல்லிக்கீறேன். பால் குடிப்பீங்களான்னு கேக்கறாரு" என்றாள் சாந்தி.

அத்தனை வெள்ளைக்காரர்கள் எதிரில், மேனாம்பேட்டு மானம் முழுவதும் என் தலையில். "தெனம் ரெண்டு சொம்பு" என்றேன்.

சாந்தி முகம் மாறாமல் அதை அப்படியே சொன்னாள். ஓரத்து மேசையில் வந்தவர்களுக்காகப் பாலும் மோரும் வைத்திருந்தார்கள். அவளே போய் ஒரு பெரிய கிளாஸ் பால் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"குடிங்க" என்றாள்.

எழுபது வயதில் முதல் முறையாக ஒரு முழுக் கிளாஸ் பால் குடித்தேன். பனைமரம் கை தட்டினார்.

5

ரயில் ஏறும்போது வயிற்றில் இரைச்சல். இரண்டாவது ஸ்டேஷனில் பிடுங்கல். மூன்றாவது ஸ்டேஷன் வரை தாங்காது என்று தெரிந்தபோது நான் சாந்தியின் கையைப் பிடித்தேன். இறங்கினோம்.

இந்த நாட்டில் கக்கூசுக்கும் கேட் உண்டு. கார்டு காட்டினால்தான் திறக்கும். ஆத்திர அவசரம் அந்தக் கதவுக்குத் தெரியாது. அது பச்சை விளக்கு எரிய யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் குலதெய்வத்தைக் கூப்பிட்டுவிட்டேன். உள்ளே போய் உட்கார்ந்தவள் அரை மணி எழுந்திருக்கவில்லை. சாந்தி என் கைப்பையையும் சால்வையையும் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றாள்.

கொஞ்சம் சத்தம் அடங்கியதும் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்.

"இன்னாங்க, எத்தினி மாசம்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு பிடித்தது. பிடித்தாலும் சிரித்தேன். அவளும் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எனக்கு இது எப்பவோ தெரியும். இந்த வேலைல சேந்த முதல் மாசமே தெரியும்" என்றாள்.

"அப்பவே சொல்றதுதானே?"

"எலும்பு சொன்னாத்தான் கேப்பீங்கன்னு இட்டுகினு வந்தேன். ஆளு சொல்லி எப்போ கேட்டீங்க?"

கதவுக்குள் இருந்தபடியே நான் சொன்னேன், "தப்பா கேட்டுட்டேன்மா." இதைச் சொல்ல எனக்கு இருபத்திரண்டு வருஷமும் ஒரு கிளாஸ் பாலும் வேண்டியிருந்தது. முகத்துக்கு முகம் பார்த்திருந்தால் அப்போதும் சொல்லியிருக்க மாட்டேன்.

அவள் கதவுக்கு இன்னும் கிட்டே வந்து பேசினாள். "என் வயித்துல இன்னா இருந்துச்சுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். எனக்கு நீங்க சொல்ல வேணாம். எங்கப்பாதான் வெளியே போவாம, நாலு பேரு மூஞ்சிய பாக்காம கெடந்தாரு. எங்கம்மா இன்னும் ஒரு கல்யாணத்துக்கு போவல. அங்க சொல்லுங்க."

வெளியே வந்தேன். சால்வையைப் போர்த்திவிட்டாள். அன்றிலிருந்து என்னை உறவு சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். இல்லை. இன்று காலையும் "இந்தாங்க, கஞ்சி"தான்.

6

நெமிலிச்சேரிக்குப் போன் போட எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. பேத்திதான் எண்ணைப் போட்டு என் கையில் திணித்தாள்.

"யாரு?" தேசம்மாள் குரல். வயதாகியும் தேயவில்லை.

"நான்தான் சம்மந்தி, கன்னியம்மா. மேனாம்பேடு."

"மேனாம்பேட்டுல எனக்கு யாரும் இல்லியே."

"வெச்சிடாத. ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு மண்டபத்துல நான் கேட்டது தப்பு. பால் ஒத்துக்காதது உன் பொண்ணு குத்தம் இல்ல. இங்க எலும்புல கண்டுபிடிச்சிக்கீறாங்க..."

"எலும்புலயா? என் புருஷன் உசுரோட இருந்தப்போ சொன்னாரே, காலேல பாலு குட்ச்சா அவளுக்கு சேராதுன்னு. கல்யாணத்துக்கு அப்புறம் சம்மந்தி ஊட்ல சொல்லிட்டு வரேன்னு கெளம்பினவரு, நீ கேக்க மாட்டேன்னு உன் தெரு முனையில நின்னு திரும்பி வந்தாரு. பெத்தவரு பேச்சு உனக்கு வேணாம். வெள்ளக்காரன் எலும்பு வந்து சொல்லணும்."

அவர் தெருமுனை வரை வந்தது எனக்கு அதுவரை தெரியாது.

"மன்னிச்சுக்கோ, தேசம்மா."

"இன்னாத்துக்கு இப்போ கிசுகிசுன்னு பேசற? அன்னிக்கு மைக்கு இல்லாமயே மண்டபம் முழுக்க கேட்டுச்சே உன் தொண்டை. சொன்னது நானூறு பேரு எதிர்ல, எடுக்கிறது மட்டும் என் காதுலயா? நல்லா கீதே உன் நாயம்."

"வேற இன்னா செய்யச் சொல்ற? நோட்டீஸ் அடிக்கணுமா?"

"அடி. அந்த பேப்பர்ல எழுதறியாமே, வெளிநாடு, கேக்கு, குளிரு, உன் பெருமைன்னு. எங்க தெருவுல படிச்சிட்டு வந்து சொல்றாளுங்க. இதையும் எழுது. எங்க ஊரும் படிக்கட்டும், உங்க ஊரும் படிக்கட்டும். அப்புறம் போன் போடு, நான் யாருன்னு கேக்க மாட்டேன்."

வைத்துவிட்டாள்.

மூன்று நாள் யோசித்தேன். மேனாம்பேட்டில் என்ன சொல்வார்கள், எருமைக்காரம்மா கவிழ்ந்துவிட்டாள் என்பார்களா என்று. சொல்லட்டும். எழுத உட்கார்ந்து இன்றோடு எட்டாவது பகல்.

ஏழுமலை கல்யாணத்துக்கு வந்து, மொய் எழுதி, சாப்பிட்டு, அந்தப் பேச்சை வீட்டுக்குக் கொண்டு போனவர்களே, உங்களுக்குத்தான் இது. வராமல் கேள்விப்பட்டவர்களுக்கும் சேர்த்து. உங்களில் உயிரோடு இருப்பவர்கள், போய்ச் சேர்ந்தவர்களின் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நெமிலிச்சேரியில் யாராவது தேசம்மாள் வீட்டுக்குப் போய் இதைச் சத்தம் போட்டுப் படியுங்கள், பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி. அன்று அந்தப் பெண்ணின் வயிற்றில் நான் ஊற்றிய பாலைத் தவிர வேறு எதுவும் இல்லை.

இப்படிக்கு, கன்னியம்மாள்.